சுற்றுச்சுவரில் ஒரு சிவப்புத் துண்டு

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஒருவர் வந்திருந்தார். கண்ணாடி இழை. தலைமுடியைவிட மெல்லிசாக இருக்கிறது, அதற்குள் ஊரையே அனுப்பலாம் என்கிறார்கள். புது இழையை நுழைக்கச் சுவரில் இருந்த பழைய ஓட்டையையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதிலிருந்த டெலிபோன் கேபிளைப் பிடித்து இழுத்தார். அது வெளியே வந்து விழுந்ததும் அவர் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னா சார் இது, கிரீஸா?"

கிரீஸ் இல்லை, ஜெல்லி என்று சொன்னேன். சொன்னவன் அதோடு விட்டிருக்கலாம். அந்தத் துண்டுக் கேபிளை எடுத்து நானும் மோந்து பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து, முன்பு நான் வேலை பார்த்த மரக்காணம்தான் நினைப்பு.

உங்களுக்கு அந்த ஜெல்லியைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. மண்ணுக்குள் போகிற டெலிபோன் கேபிளில் தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளே நிரப்பி வைத்திருப்பார்கள். வாஸ்லைனுக்குத் தூரத்துச் சொந்தம். கையில் பட்டால் சோப்புக்கெல்லாம் அசையாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் மண்ணெண்ணெய் வாசனை போக சோப்பு. கல்யாணமான புதிதில் என் மனைவி, நான் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்று ஸ்பூன் வாங்கி வைத்தாள். தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே டெலிபோன் மெக்கானிக் அந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மரக்காணம் எக்ஸ்சேஞ்சில் நான் சேர்ந்த சமயத்தில்தான் பிராட்பேண்டு அங்கே வந்தது. அதுவரை டெலிபோன் என்றால் பேசுவதற்கு. இனி அதே செம்புக் கம்பியில் படமும் பாட்டும் போகும் என்றார்கள். எங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் பலகையில் கம்பிகள் பின்னிக்கொண்டிருப்பதுபோல் படம் போட்டார். பாதி புரிந்தது. மீதிப் பாதி சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்ததால் அது என்னவென்றே தெரியாது. அந்தப் பாதி அறிவோடு நான் மரக்காணத்தின் பிராட்பேண்டு நிபுணன் ஆனேன்.

என்னோடு லைன்மேனாக இருந்தவர் அந்தோணி அண்ணன். அவருக்கு எந்தப் பழுதுக்கும் ஒரே காரணம்தான். போன் இரைகிறதா, உப்பு. மணி அடிக்கவில்லையா, உப்பு. ஒருமுறை ஒரு வீட்டில் ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டிருந்தார்கள். அதற்கும் உப்புக் காற்றில் ரிசீவர் நழுவியிருக்கும் என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மரக்காணத்தில் எதைத் தொட்டாலும் உப்புதான். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, எங்கள் கேபிள் எல்லாவற்றையும் அது மெதுவாகத் தின்றுகொண்டிருந்தது.

உப்பளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னத் தெரு. அங்கே வேதவல்லி என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அம்மா படுத்த படுக்கை. வேறு யாரும் இல்லை. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி கொடுத்திருந்தது. காதில் ஹெட்போனும் மேஜையில் தடிமனான மருத்துவ அகராதியுமாக அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தத் தெருவுக்கே டாக்டர் மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தார் அவளிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி விளக்கம் கேட்பார்களாம்.

அவளுடைய புகார் இதுதான்: சாயங்காலம் ஆனால் நெட் போய்விடுகிறது. அனுப்ப வேண்டிய ஃபைல்கள் சாயங்காலம்தான் போயாக வேண்டும். தாமதமானால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. இன்னொரு தடவை தாமதமானால் வீட்டிலிருந்து செய்கிற வேலையை நிறுத்திவிடுவோம், பாண்டிச்சேரி ஆபீசுக்கு வந்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போய்விட்டால் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட ஆள் இல்லை.

"நான் வேலைக்குப் போனா எங்கம்மா போயிடும், வேலை போனா ரெண்டு பேரும் போயிடுவோம். எப்படியாவது பாருங்க சார்," என்றாள்.

பார்த்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். மோடத்தில் பச்சை விளக்கு குத்துக்கல்லாக எரிந்தது. ஒரு குறையும் இல்லை.

அவள் வீட்டுக்கு அடுத்த வீடு காசிநாதனுடையது. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். தெருவில் எல்லாருக்கும் காசி மாமா, அதனால் எனக்கும் காசி மாமா. அவர் மகள் குவைத்தில் நர்ஸ். அங்கேயே ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. பேத்தியின் முகம் பார்க்கத்தான் அவர் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி, பிராட்பேண்டும் போட்டுக்கொண்டார். அவருடைய புகார், சாயங்காலம் குழந்தை சிரிக்க வாயைத் திறந்தால் படம் அப்படியே நின்றுபோகிறது, மூடுவதே இல்லை.

அவர் வீட்டுக்கும் காலையில் போனேன். பச்சை விளக்கு குத்துக்கல்லாக எரிந்தது.

இரண்டு வீட்டிலும் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மோடத்தை மாற்றினேன். சுவரில் இருந்த ஒயரை மாற்றினேன். ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்க்கச் சொன்னேன். கோயில் ஒலிபெருக்கியைச் சந்தேகப்பட்டேன். அது ஆடி மாதம் மட்டும்தான் பாடும் என்றார்கள். தெருக்கோடி மீன் வண்டிக்காரர் வைத்திருந்த சைரன் ஹாரனைக்கூட விடவில்லை. அந்தோணி அண்ணன் என் பின்னாலேயே வந்து, "நான் அப்பவே சொன்னேன், உப்பு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் இல்லாத உப்பு சாயங்காலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கடல்காற்று அப்போதுதானே திரும்புகிறது என்றார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் காசி மாமா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி எனக்கு டீ கொடுத்துவிட்டு மோடத்தின் சுவிட்சைப் போட்டார். விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வேதவல்லியின் குரல் கேட்டது. யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, தனக்குத்தானே, "போச்சு, இன்னிக்கும் போச்சு," என்றாள்.

சுவிட்சை அணைக்கச் சொன்னேன். வெளியே வந்து சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து அவளிடம் கேட்டேன். வந்துவிட்டது என்றாள். மறுபடி போடச் சொன்னேன். போய்விட்டது என்றாள். அவளுடையதை அணைக்கச் சொன்னதும் காசி மாமா வீட்டு விளக்கு நின்று எரிந்தது. இப்படி நாலைந்து தடவை போட்டு அணைத்து விளையாடினோம். சாயங்காலத்தில்தான் இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் போடுகிறார்கள். டீ ஆறிப்போயிற்று.

சாப்பாட்டுக்கு முன்னால் புரிந்திருந்த பாதிப் பயிற்சி அப்போதுதான் உதவிக்கு வந்தது. ஒரு போனுக்கு இரண்டு கம்பி, ஒரு ஜோடி. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் கேபிளுக்குள் வைத்திருப்பார்கள். அந்த முறுக்கு இருக்கிறவரை ஒரு ஜோடியின் சத்தம் பக்கத்து ஜோடிக்குள் அவ்வளவாகப் போகாது. எங்கேயாவது இணைப்புப் போடும்போது இந்த ஜோடியில் ஒன்று, அந்த ஜோடியில் ஒன்று என்று ஆள் மாற்றிக் கட்டிவிட்டால் அந்த முறுக்கால் ஒரு பயனும் இல்லை. பேசுவதற்கு அது போதும், மிஞ்சிப்போனால் கொஞ்சம் இரையும். பிராட்பேண்டு போடும்போதுதான் ஒருவருடைய வேகம் மற்றவருக்கு இரைச்சலாகிவிடும்.

அப்படி மாற்றிக் கட்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். புயல் மழைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கேபிளைப் பிரித்தால் பாதிக் கம்பியை உப்பு தின்றிருக்கும். ஒரு ஜோடியில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். பக்கத்து ஜோடியிலும் ஒன்று பிழைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் மணி அடிக்கும், ஊர் சந்தோஷப்படும். வேறு வழியும் இருந்திருக்காது. அதை யார் எப்போது கட்டினார்கள் என்று விசாரிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த இணைப்பு எங்கே இருக்கும் என்று தேடினால், அதுதான் சங்கடம். கேபிள் குறுக்கு வழியாக உப்பளத்து வரப்பில் போகிறது. இணைப்பு இருக்கும் இடம் காசி மாமாவின் குத்தகைப் பாத்திகளுக்கு நட்டநடுவில், வரப்புக்கு அடியில். வெயில் காலம். பாத்தியில் நீர் சுண்டி, உப்பு பூக்கும் சமயம். அப்போது வரப்பை வெட்டினால் கலங்கல் இறங்கிப் பாத்தி கெடும், அந்த வருஷத்து உழைப்பு மண்ணாகிவிடும். மாற்றுக் கம்பி ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். உப்பு தின்னாத ஜோடி ஒன்றுகூட மிச்சமில்லை.

காசி மாமா கோபப்படவில்லை. "மழைக்கு அப்புறம் வெட்டிக்க தம்பி. இப்ப கை வெச்சா என் ஆளுங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார்.

நியாயம்தான். மழை வர இன்னும் மாதங்கள் கிடந்தன. அதுவரை கம்பெனி காத்திருக்காது என்று வேதவல்லி சொன்னாள். அதுவும் நியாயம்தான். நான் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டு நின்றேன். காசி மாமாவின் இணைப்பைத் துண்டித்துவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் எந்த வாயால் அதைச் சொல்வது? பேத்தி முகத்தை நிறுத்து என்று ஒரு மனிதரிடம் சொல்ல எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தரவில்லை.

அவரேதான் யோசித்துச் சொன்னார். பக்கத்துக் கழுவெளிக் காயலிலிருந்து வாய்க்காலில் வரும் உப்புத் தண்ணீரை உப்பளக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டால் யாருக்கும் ஏறாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். தன் முறை முடிந்தவர் மடையை அடைத்துவிட்டு வரப்பில் ஒரு கழியை நட்டு அதில் துண்டைக் கட்டிவிட்டுப் போவார். தூரத்திலிருந்து அதைப் பார்த்து அடுத்தவர் திறந்துகொள்வார். போய்க் கேட்க வேண்டியதுமில்லை, சண்டையுமில்லை.

"தண்ணிக்கு வெக்கிற முறைய இதுக்கும் வெச்சுக்கலாம் வேதா. சாயங்காலம் நான் அணைச்சிட்டு செவுத்துல துண்டு போட்டுடறேன். நீ உன் வேலைய முடிச்சிட்டு ஒரு குரல் குடு," என்றார்.

அன்றிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் சுற்றுச்சுவரில் அவருடைய சிவப்புத் துண்டு தொங்கும். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். துண்டு விழுந்ததும் வேதவல்லி மோடத்தைப் போடுவாள். ஃபைல்கள் போனதும் அணைத்துவிட்டு, "மாமா, முடிஞ்சுது," என்பாள். அவர் துண்டை எடுப்பார். அந்தத் துண்டை எடுத்த பிறகே அவர் சுவிட்சைத் தொடுவார் என்று அவர் மனைவி சிரிப்பார். ஒருநாள் அவசரத்தில் வேதவல்லி தன்னுடையதை அணைக்காமலேயே குரல் கொடுத்துவிட்டாளாம். அவர் போட்டதும் அவள் வீட்டு விளக்கு துடித்திருக்கிறது. "மாமா உக்காந்துட்டாருன்னு லைட்டே சொல்லிடுது சார்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுடைய வேலை போகவில்லை.

இதற்குக் காசி மாமா என்ன விலை கொடுத்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் மனைவிதான் ஒருநாள் சொன்னார். வேதவல்லி வேலை முடித்துக் குரல் கொடுக்கும் நேரத்துக்குக் குவைத்தில் மகள் டூட்டிக்குக் கிளம்பிவிடுவாளாம். அவளுக்கு விடுமுறை வருகிற நாளில்தான் இவர் குழந்தையைப் பார்க்க முடியும். மற்ற நாளெல்லாம் சும்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பழைய போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருப்பார். இதை வேதவல்லியிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாம். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் அவருக்குச் சொந்தமில்லை. அவர் அப்படியொன்றும் தாராள மனசுக்காரர் என்று பேர் எடுத்தவருமில்லை. உப்பு மூட்டை ஏற்றும் இடத்தில் அவர் போடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்.

ஐப்பசி மழை வந்து பாத்திகள் முழுகின. வரப்பை வெட்டி இணைப்பைத் திறந்தோம். உள்ளே பச்சைக் களிம்பும் ஜெல்லியும் குழைந்து கிடந்தன. எந்தக் கம்பி என்ன நிறம் என்றே தெரியவில்லை. ஜோடி மாறித்தான் இருந்ததா, இல்லை தண்ணீர் இறங்கியதுதான் காரணமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. என் கண்டுபிடிப்பு சரியா தப்பா என்று கடைசிவரை தெரியாது பாருங்கள், அது ஒரு தனி வேதனை. அந்தோணி அண்ணன் அந்தப் பச்சையைச் சுரண்டி என் கையில் வைத்தார்.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு துண்டுக் கேபிள் போட்டு, ஜோடி ஜோடியாகப் பார்த்துக் கட்டினோம். சாயங்காலம் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தோம். இரண்டு விளக்கும் ஆடாமல் எரிந்தன. நான் அந்தத் தெருவில் ராஜாவாட்டம் நடந்து வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் சுவரில் சிவப்புத் துண்டு தொங்குகிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லைன் சரியாகிவிட்டது, இனிமேல் முறையெல்லாம் தேவையில்லை, ஒருவரால் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லை என்று இரண்டு பேரையும் நிற்கவைத்து விளக்கினேன். காசி மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இருந்துட்டுப் போவட்டும்," என்றார். மகளுக்கு இப்போது பகல் டூட்டியாகிவிட்டதாம், அதனால் பேத்தியைத் தினமும் பார்க்க முடிகிறதாம். முறையை மட்டும் விடவில்லை. வேதவல்லியோ, மாமா துண்டு போடாமல் அவளுக்கு ஃபைல் அனுப்பக் கை வராது என்றாள். என் வேலையை நம்பவில்லையா, இல்லை பழக்கமா, இல்லை வேறு ஏதாவதா? கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பிறகு எப்போது போனாலும் அந்தத் துண்டு இருக்கும். சாயம் போய் ரோஜா நிறமானதும் புதுச் சிவப்புத் துண்டு வந்தது.

பின்னாளில் இன்னொரு பயிற்சியில், வெளிநாடுகளில் இதற்கென்று ஒரு இயந்திரம் இருக்கிறது என்றார்கள். ஒரே கேபிளில் போகும் எல்லா லைனையும் அது சேர்த்துக் கவனிக்குமாம். யாருடைய இரைச்சல் யாருக்குள் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொண்டு அந்தந்த அளவைக் கழித்துவிடுமாம். இந்தத் தடவை சாப்பாட்டுக்கு அப்புறமும் விழித்துக்கொண்டு கேட்டேன். பக்கத்து லைனில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் தொந்தரவை நீக்க முடியும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னபோது எனக்கு அந்தச் செங்கல்லும் துண்டும்தான் நினைவுக்கு வந்தன. அந்த இயந்திரம் மரக்காணத்துக்கு வரவே இல்லை. எனக்குத்தான் மாற்றல் வந்தது.

கேபிளை மோந்து பார்த்த கதைக்கு வருகிறேன். கண்ணாடி இழையைப் பொருத்தி முடித்தவரிடம், இதனால் பக்கத்து வீட்டு லைனுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. "அவங்களுக்கு என்னா சார் ஆவப்போவுது? உங்க லைன் வேற, அவங்க லைன் வேற," என்றார். எத்தனை பேர் போட்டாலும் ஒருத்தருக்கொருத்தர் தெரியவே தெரியாதாம்.

நேற்று பஸ் ஏறி மரக்காணம் போய்விட்டு வந்தேன். என்ன காரணம் சொல்லிப் போவது என்றுகூட யோசிக்கவில்லை. உப்பளத்து வரப்பில் கேபிள் போன தடம் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. செம்பை யாரோ தோண்டி எடுத்துப்போய்விட்டார்கள். காசி மாமா வீடு பூட்டியிருந்தது. வேதவல்லி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. அம்மா காலமாகிப் பல வருஷமாம். வேலை மட்டும் அதே வேலை. கண்ணாடி இழை வந்த பிறகு துண்டு போடுவதை இரண்டு பேரும் விட்டுவிட்டார்களாம். எப்போது விட்டோம் என்றே நினைவில்லை என்றாள்.

காசி மாமா போன வருஷம் இறந்துபோயிருக்கிறார். மனைவி குவைத்துக்கு மகளிடம் போயிருந்த சமயம், வீட்டில் தனியாக. சாயங்காலம் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சரிந்தவரை மறுநாள் காலையில் உப்பளத்து ஆள் வந்துதான் பார்த்திருக்கிறார். பொழுதோடு பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் சாயங்காலம் முழுக்க வேதவல்லி சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முன்னல்லாம் துண்டு வுழலன்னா எட்டிப் பாத்திருப்பேன்," என்றாள். சுவரைப் பார்த்தேன். மேலே செங்கல் அப்படியே இருந்தது, பாசி பிடித்து. அவள் அழவில்லை. யாரிடமோ பழுது எழுதிக் கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"அன்னிக்கி என் லைன் ஒரு தடவகூட கட் ஆவல சார். லைட்டு ஆடவே இல்ல. எல்லா ஃபைலும் டயத்துக்குப் போச்சு."

வேலை பார்த்த காலமெல்லாம் யாராவது இந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் வீடு வீடாக அலைந்தேன். இப்போது அதைக் கேட்டுவிட்டு அந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.